இரண்டு தேதிகள்

என் அத்தை பஞ்சம்மாள் செத்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்பதை நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துகொண்டோம். அப்போது அவள் எங்களோடு வேனில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தாள்.

2006-ஆம் வருடம், செப்டம்பர் பத்தாம் தேதி. தாயில்பட்டியிலிருந்து ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். வேன் வெள்ளைத்துரை அண்ணனுடையது, ஓட்டுகிறவரும் அவர்தான். வாரத்தில் ஆறு நாள் பட்டாசு கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாடகைக்குக் கிடைக்கும். எவ்வளவு துடைத்தாலும் சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் சேலையில் வெள்ளி நிறப் பொடி ஒட்டியிருக்கும். கதவுக்கு மேலே ‘பீடி, தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும்.

முன்சீட்டில் அத்தை. அவளுக்குப் பின்னால் நானும் அம்மாவும். அடுத்த சீட்டில் அப்பா. கடைசி சீட்டு முழுவதும் தாத்தா கருத்தப்பாண்டிக்கு. காலை நீட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டார். அத்தைக்கும் அப்பாவுக்கும் தகப்பனார் அவர். காது மந்தம்.

போகிற இடம் விருதுநகர். அத்தையின் ஒரே மகன் பிரபாகரன் அங்கே ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. நடந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். பெண்ணின் தாத்தா சாகக் கிடந்தாராம், அவர் கண் மூடுவதற்குள் என்று திருச்செந்தூரில் அவசரமாகத் தாலி கட்டினார்களாம். அத்தை மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நான்காம் நாள் மருமகளுக்கு ஒரு சேலை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவன் மட்டும் வருவான். பையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருக்கும். மருமகள் எங்கே என்றால் “அடுத்த மாசம் கூட்டிட்டு வாரேம்மா” என்பான். மருமகள் உண்டானபோதும் அடுத்த மாதம். பேரன் பிறந்தபோதும் அடுத்த மாதம். பேரனுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது அத்தை வெள்ளியில் ஓர் அரைஞாண் செய்து கைக்குட்டையில் முடிந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“சங்கையா, வண்டியைப் பிடி. அவன் கூட்டிட்டு வர வேண்டாம். நாம போவோம்” என்றாள் அப்பாவிடம்.

“ஒரு போன் போட்டுட்டுப் போவமா மதினி?” என்றாள் அம்மா.

“போட்டா, அடுத்த மாசம்பான்.”

அப்பாவுக்குப் பிரபாகரன் மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. அது என்னைப் பற்றியது என்பதால் விட்டுவிடுகிறேன். “இன்னைக்கு அவங்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுர்றேன்” என்று வேனில் ஏறியவர், சிவகாசி வரைக்கும் அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அவன் இருக்கிற தெரு தெரியுமாலே?” என்று டிரைவரைக் கேட்டார்.

“தெருமுனை தெரியும் மாமா. போன வருசம் ஒருநா நம்ம வண்டியிலதான் வந்தான். வீட்டு வாசல்ல விடுதேன்னேன், வேணாம், முனையிலயே நிறுத்துன்னுட்டான்.”

“ஏம்லே?”

“எனக்கு எப்படி மாமா தெரியும்? பட்டாசு வண்டின்னு கூச்சப்பட்டானோ என்னமோ.”

“அதெல்லாம் இல்ல” என்றாள் அத்தை. “தெரு சந்தா இருக்கும்.”

திருத்தங்கலில் தாத்தா டீ வேண்டும் என்றார். நிறுத்தினோம். டீ குடித்து முடித்ததும் பீடி பற்ற வைக்கப் போனார். வெள்ளைத்துரை அண்ணன் கதவுக்கு மேலே இருந்த எழுத்தைக் காட்டினார்.

“ஞாயித்துக்கிழமைகூடவா?” என்றார் தாத்தா.

“வண்டிக்கு ஞாயிறு திங்கள் தெரியாது தாத்தா.”

“உன் வண்டிக்கு ஒண்ணுந் தெரியாது. மேட்டுல ஏறவும் தெரியல.”

அத்தை சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான் கடைசி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரொம்ப நேரத்துக்கு அதுதான்.

அத்தையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு வயதில் தீப்பெட்டி கம்பெனிக்குக் குச்சி அடுக்கப் போனவள் அவள். பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்தது, என்னைச் சேர்த்துவிட வந்த அன்றுதான். மாமா நாகையா லாரியில் லோடு ஏற்றுகிறவர். பிரபாகரனுக்கு மூன்று வயதானபோது மஞ்சள் காமாலையில் செத்துப்போனார். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அதற்குப் பிறகு அத்தை சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். மிஷினிலிருந்து வருகிற தாள்களை விசிறி மாதிரி விரித்து, ஐந்தைந்தாக எண்ணி, நூறு நூறாகக் கட்டுகிற வேலை. இருபது வருடமாக அதே மேசை.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த மேசைக்குக் கல்யாணப் போஸ்டரும் வரும், காதுகுத்துப் போஸ்டரும் வரும், கண்ணீர் அஞ்சலியும் வரும். எல்லாம் ஒரே அளவு, ஒரே தாள், எல்லாவற்றிலும் ஆள் படம். ஒருமுறை வேறொரு பெண் சடங்கு வீட்டுக் கட்டுக்குள் பத்து அஞ்சலிப் போஸ்டரைச் சேர்த்துக் கட்டிவிட்டாள். பார்ட்டி வந்து மேசையைக் கவிழ்த்துவிட்டுப் போனது. அத்தை கையில் ஒருமுறையும் மாறியதில்லை. எழுத்துத் தெரியாமல் எப்படிப் பிரிக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஆமத்தூர் தாண்டி விருதுநகர் நெருங்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். வெள்ளைத்துரை அண்ணன் இஞ்சினை நிறுத்தினார். எங்களுக்கு இடப்பக்கம் நீளமாக ஒரு சுற்றுச்சுவர்.

“ஏ பானு” என்றாள் அத்தை. “அங்கன பாரு. நானு!”

பார்த்தேன். சுவரில் டியூஷன் சென்டர் போஸ்டருக்கும் ஒரு காதுகுத்து விழாப் போஸ்டருக்கும் நடுவில் வரிசையாக நான்கு போஸ்டர். நான்கிலும் அத்தை.

அந்தப் போட்டோ எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அது. மூன்று வருடத்துக்கு முன்னால் வலது கண்ணில் புரை வந்து மதுரையில் ஆபரேஷன் செய்தபோது ஆஸ்பத்திரிப் பாரத்தில் ஒட்ட எடுத்தது. வலது கண் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பெரிதாக்கி, வட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் ரோஜாப்பூப் போட்டிருந்தது.

மேலே பெரிய எழுத்தில் ‘மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி’. வட்டத்துக்குக் கீழே இடப்பக்கம் ‘தோற்றம் 10.6.1952’. வலப்பக்கம் ‘மறைவு 9.9.2003’. அதற்கும் கீழே ‘உங்கள் நினைவில் வாடும் மகன் பிரபாகரன், மருமகள் கற்பகவல்லி, பேரன் அன்பரசன்’.

நான் அதை மூன்று முறை படித்தேன். எனக்குத் தமிழும் இங்கிலீஷும் படிக்கத் தெரியும். அந்த நான்கு வரி எந்த மொழியில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. வெள்ளைத்துரை அண்ணன் சுவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டார்.

அத்தையின் கை காராச்சேவுப் பொட்டலத்துக்குள் அப்படியே இருந்தது.

“என்ன போட்டிருக்கு? வாசி” என்றாள்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “விசேஷப் போஸ்டர் மதினி. இங்கனல்லாம் காதுகுத்துன்னா சொந்தக்காரவுக படத்தைப் போட்டுத்தானே அடிக்காக.”

“நீ சும்மா இரு தாயி. அவ வாசிக்கட்டும்.”

நான் வாசித்தேன். சுவரில் இல்லாத ஒன்றை. “எங்கள் இல்லக் காதணி விழா. செல்வன் அன்பரசனுக்கு... அனைவரும் வருக.”

“என்னைக்காம்?”

“பதினேழாம் தேதி அத்தை. அடுத்த ஞாயிறு.”

“பதினேழா?”

“ஆமா.”

“அப்பம் நம்மளைக் கூப்பிட வர இருந்திருக்கான். நாமதான் முந்திக்கிட்டோம்.” ரயில் போய்க்கொண்டே இருந்தது. “வெள்ளைத்துரை, ஒண்ணைப் பிச்சுட்டு வாலே.”

“யக்கா, அது... ஒட்டியிருக்கும்க்கா.”

“பசை இன்னும் காயல. இங்கன இருந்தே தெரியுது. நேத்து ராத்திரி ஒட்டுனது. மேல் மூலையைப் பிடிச்சு இழு, முழுசா வரும்.”

அவர் அப்பாவைப் பார்த்தார். இறங்கிப் போய் இழுத்தார். ஒரு ஓரம் மட்டும் கிழிந்து முழுதாக வந்தது. அத்தை அதை வாங்கி மடியில் விரித்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். கேட் திறந்தது.

“என்னலே அது?” என்று தாத்தா பின்னாலிருந்து கேட்டார்.

“ஒண்ணுமில்லய்யா. தூங்குங்க” என்றார் அப்பா.

தண்டவாளம் தாண்டி, மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் வேன் ஊர்ந்தது. எல்லோரும் தும்மினோம். அத்தை மட்டும் தும்மவில்லை.

“பானு.”

“என்ன அத்தை?”

“பதினேழுன்னா ஒண்ணும் ஏழும்தான?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இதுல ஒண்ணும் ஏழும் பக்கத்துப் பக்கத்துல எங்கன இருக்கு? காட்டு.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. நம்பரும் தெரியாமலா நூறு நூறாக் கட்டுதேன்?” அத்தை திரும்பவில்லை. முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். “கலியாணமோ காதுகுத்தோ, ஒரு தேதிதான் போடுவாக. படத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு தேதி இருந்தா அது செத்தவுக. இருபது வருசமா இதைப் பார்த்துத்தான் பிரிக்கேன்.”

“அப்பம் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சா மதினி?” என்றாள் அம்மா, முந்தானைக்குள்ளிருந்தே.

“நீ அவ தொடையைக் கிள்ளுனது முதக்கொண்டு தெரிஞ்சது. எதிர்க்க இம்புட்டுப் பெரிய கண்ணாடி இருக்கு.”

அப்பா சீட்டிலிருந்து எழுந்தேவிட்டார். “வண்டியை வேகமா விடுலே. அவன் பல்லைத் தட்டிக் கையில குடுக்கேன். பெத்தவளைக் கொன்னுட்டுப் பூ வச்சுப் படம் போட்டிருக்கான்!”

“கத்தாத. அய்யா முழிச்சிருவாரு.” அத்தை போஸ்டரை உயர்த்தி எனக்குக் காட்டினாள். “இந்தப் பக்கத்துத் தேதி என்ன?”

“நீங்க பிறந்த தேதி.”

“நான் பொறந்த தேதி எனக்கே தெரியாதே. அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?” உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். “அய்யா! நான் என்னைக்குப் பொறந்தேன்?”

“இப்பத்தானே டீ குடிச்சோம்” என்றார் தாத்தா.

அத்தை விரலால் மற்றத் தேதியைத் தொட்டாள். “ஒம்போது, ஒம்போது, மூணு.” மறுபடியும் சொன்னாள். “அன்னைக்கு நான் மதுரையிலல்ல இருந்தேன். கண்ணைக் கட்டிப் போட்டிருந்தாக. சீசன்ல மூணு நாள் லீவு போட்டு அவன்தான் கூட இருந்தான். இட்லியைப் பிச்சுப் பிச்சு வாயில வச்சான். சட்னியைச் சேலையில ஒழுக விட்டான், அதுக்குக்கூட ஏசுனேன். அன்னைக்கு எப்படிச் செத்தேன்?”



“திரும்பிருவோம்க்கா” என்றார் அப்பா. கோபமெல்லாம் எங்கேயோ போய், கெஞ்சுகிற மாதிரி இருந்தது. “இந்த மூஞ்சியைப் பாக்க வேணாம்.”

“நான் செத்ததை நான்தான் போயிக் கேக்கணும். நீங்க கேட்டாச் சண்டைதான் வரும்.”

தெருமுனையில் வேனை நிறுத்தினோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெரு. சந்து இல்லை, லாரியே போகலாம். அத்தை என்னை மட்டும் இறங்கச் சொன்னாள். அரைஞாண் முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டாள். பெட்டிக்கடையில் கேட்டதும் பச்சைக் கதவு வீட்டைக் காட்டினார்கள். கடைக்காரர் அத்தையை இரண்டாம் முறை உற்றுப் பார்த்தார். கடைச் சுவரிலும் அவள் இருந்தாள்.

கதவைத் திறந்தது கற்பகவல்லி. இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் குழந்தை. அத்தையைப் பார்த்ததும் அவள் முகத்தில் நிறம் போய்விட்டது. குழந்தையைப் பிடித்திருந்த கை நழுவியது. நான் பாய்ந்து குழந்தையைத் தாங்கினேன்.

“பயப்படாத தாயி, பயப்படாத” என்றாள் அத்தை. “நான் அவ இல்ல. நான்... அவளுக்கு அக்கா. கூடப் பொறந்தவ.”

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கேட்க வந்த கேள்வி வாயில் இருக்க, இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கற்பகவல்லி அழ ஆரம்பித்தாள். “பெரியம்மாவா? அப்படியே அத்தை ஜாடை! அவுக சொல்லவே இல்லையே, சொந்தம்னு யாருமே இல்லன்னுதான... உள்ள வாங்க, வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் அத்தையின் படம் இருந்தது. சந்தன மாலை, சின்னச் சிவப்பு பல்பு. கீழே பலகையில் முந்தின நாள் படைத்த சாப்பாட்டு இலை வாடிக் கிடந்தது. ஒரு புதுச்சேலை மடித்து வைத்திருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.

“நேத்து திதி. வருசா வருசம் நான்தான் அத்தைக்குச் சேலை எடுத்து வைப்பேன். நான் அவுகளைப் பாத்ததே இல்ல பெரியம்மா. ஆனா இவுக சொல்லிச் சொல்லி எனக்கு எல்லாம் தெரியும். கறிக்கொழம்புல தேங்காய் சேக்க மாட்டாகளாமே? தூங்கும்போதுகூட விரல் எண்ணிக்கிட்டே இருக்குமாமே?”

அத்தை தன் விரல்களைப் பார்த்தாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நீங்க வந்தது அத்தையே வந்த மாதிரி. ஒரு சூடம் காட்டுங்க” என்று கற்பகவல்லி தட்டை நீட்டினாள். சூடம் எரிந்துகொண்டிருந்தது.

நான் குழந்தையோடு அப்படியே நின்றேன். அத்தை அந்தத் தட்டைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்தவள் வலது கண்ணால் வேறெங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாட்டேன் தாயி. நான் மூத்தவ. இளையவளை மூத்தவ கும்புடக் கூடாது.”

“ஆமால்ல!” என்று கற்பகவல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். உடனே குனிந்து அந்தப் புதுச்சேலையை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள். “அப்பம் இதையாவது வாங்கிக்கோங்க. நானே கட்டணும்னு வச்சிருந்தேன். உங்களுக்குத்தான் பொருத்தம்.”

அத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு கீழே உட்கார்ந்து குழந்தைக்குக் கையை நீட்டினாள். அன்பரசன் தயங்காமல் போனான். அரைஞாண் முடிச்சை அவிழ்க்க அவள் விரல்கள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன.

பிரபாகரன் அப்போதுதான் வந்தான். கையில் கறி வாங்கிய பை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பார்த்துவிட்டான். அம்மா தன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து அவன் பிள்ளைக்கு அரைஞாண் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு காலில் இருந்தது. பையிலிருந்து ரத்தத் தண்ணீர் படியில் சொட்டியது. அதை அவன் கவனிக்கவே இல்லை.

“என்னலே முழிக்க?” என்றாள் அத்தை. “பெரியம்மாவை அடையாளம் தெரியலையாக்கும்?”

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். “தெரு முனையில உன் மாமா நிக்கான். வா, பாத்துட்டு வருவோம்” என்று அத்தை எழுந்துவிட்டாள். குழந்தையைக் கற்பகவல்லியிடம் கொடுத்தாள். சேலை அவள் கையிலேயே இருந்தது.

வேன் வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். அப்பா கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். அத்தை குறுக்கே கையை நீட்டினாள்.

“அடிக்கிறதுன்னா பிறகு அடிச்சுக்கோ. முதல்ல அவன் சொல்லட்டும். ஏன்லே, அந்தத் தேதியில நான் உங்கூட மதுரையிலல்ல இருந்தேன்?”

பிரபாகரன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். “அந்த லீவுக்குத்தாம்மா.”

“என்ன லீவுக்கு?”

“ஆவணி மாசம். தீபாவளி லேபிள் ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம், சீசன். கண் ஆபரேசன்னு லீவு கேட்டேன். முதலாளி தரமாட்டேன்னாரு. ஊருல வேற ஆளா இல்ல, சாவுன்னா மட்டும் சீசன்ல லீவு கேளுன்னாரு. நான் ஒண்ணுமே யோசிக்கலம்மா. சாயங்காலம் பூத்துல இருந்து போன் போட்டு, அம்மா செத்துப்போச்சு, எடுத்தாச்சு, யாரும் வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

வெள்ளைத்துரை அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“மூணு நாள் கழிச்சு இங்கன பஸ்ஸை விட்டு எறங்குறேன், பஸ் ஸ்டாண்டு செவரு பூரா நீ. ஆஸ்பத்திரிக்குக் காப்பி எடுக்க உன் போட்டோவை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்லயே விட்டிருந்தேன். கூட வேலை பாக்குறவங்க அதை எடுத்து அடிச்சிட்டாங்க. முதலாளி என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. அழுற மனுசங்கிட்ட எப்படிம்மா சொல்ல? பிறகு அவரு சொந்தத்துலயே பொண்ணு பாத்துக் குடுத்தாரு. தாயில்லாப் பிள்ளைன்னுதான் குடுத்தாக. வருசா வருசம் பிரஸ் இருக்கிற தெருவுல மட்டும் நாலு ஒட்டுவாக. இந்த வருசம் பேரன் பொறந்திருக்கான்னு மாமனார் ஊரு பூரா ஒட்டச் சொல்லிட்டாரு.”

அப்பாவின் கை ஓங்கியபடியே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“மூணு நாளைக்கு” என்றாள் அத்தை. “எனக்கு இட்லி ஊட்டுறதுக்கு என்னையவே கொன்னுட்ட.”

அவன் அழுதான். அழுதுகொண்டே அத்தையின் கையைப் பிடித்தான். “அம்மா, அதான் உள்ள பெரியம்மான்னு சொல்லிட்டியே. அப்படியே இருந்துட்டுப் போம்மா. மாசா மாசம் வா. அவ உன்னையத் தாங்குவா. பிள்ளையைத் தூக்கு, நாலு நாள் இரு. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சொன்னா அவ என்னைய விட்டுட்டுப் போயிருவா.”

எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றிய ஒரு கணம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அத்தைக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவள் மாம்பழ மஞ்சள் சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரையை விரலால் தடவினாள்.

“சேலை நல்லாத்தான் இருக்கு” என்றாள். “எனக்கு இம்புட்டு நல்ல சேலை யாரும் எடுத்ததில்ல. ஆனா இது செத்தவளுக்கு எடுத்தது.” அதை அவன் தோளில் போட்டாள். “உள்ள கொண்டுபோயி எடுத்த இடத்துல வையி. வச்சிட்டு அவகிட்ட நீயே சொல்லு. நான் வண்டியில இருக்கேன்.”

“அம்மா, அவ போயிருவாம்மா.”

“போனா பிள்ளையைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வரட்டும். நான் வச்சுக்கிடுதேன். நீ இங்கன தனியாக் கெட. போலே.”

அவன் போனான். பச்சைக் கதவு மூடியது. வெள்ளைத்துரை அண்ணன் கிளம்பத் தயாராக இஞ்சினைப் போட்டார். வேனை உருட்டி அந்த வீட்டுக்கு எதிரே கொண்டு நிறுத்தினார், இஞ்சினை அணைக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. பிறகு உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. அது விழவில்லை, எறியப்பட்டது. குழந்தை அழுதது. அத்தை போஸ்டரைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

கதவு திறந்தது. கற்பகவல்லி குழந்தையோடு வந்தாள். அழுத முகம் இல்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது. வேன் ஜன்னலுக்கு வெளியே நின்று அத்தையின் முகத்தை ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். நெற்றி, மூக்குக்கண்ணாடி, வலது கண். பிறகு விரல்களைப் பார்த்தாள். அத்தை இப்போது அவற்றை மறைக்கவில்லை. அவை தாமாக எண்ணிக்கொண்டிருந்தன.

வேன் கதவைத் திறந்து, குழந்தையை அத்தையின் மடியில் வைத்தாள்.

“பிள்ளையைப் பிடிங்க அத்தை. உங்க மகன்கூட நான் கொஞ்சம் பேசணும்.”

போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேன் கதவு அடித்த அதிர்வில் தாத்தா எழுந்துவிட்டார். முன்னால் எட்டிப் பார்த்தார். “யாரு வீட்டுப் பிள்ளம்மா இது?”

“என் பேரன்யா” என்றாள் அத்தை.

“ஆரு?”

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் குடத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கடைச் சுவரில் அத்தையின் படம். அத்தை ஜன்னலை முழுவதும் திறந்தாள். மந்தக் காதுக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“என் பேரன்! எம் மகன் பிரபாகரன் பெத்த பிள்ள!”

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினாள். “இஞ்சினை ஆஃப் பண்ணுலே வெள்ளைத்துரை. பிள்ளை தூங்கட்டும்.”